கரடிப் பிடிக்கு ஒரு மூச்சு

கரடி ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டால் அந்தப் பிடியிலிருந்து எப்படி விடுபடுவது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நாலு பேர் தொண்டை கட்டுகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறோம். கரடி நிஜக் கரடி இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு விளையாட்டுப் பெட்டியில், ஒரு புத்தகத்தின் பக்கத்தில் அச்சாகியிருந்த கரடி. சண்டை மட்டும் அசல் சண்டை. எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அவர் கிடக்கிறார்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சனங்கள் சாலையில் வந்து உட்கார்ந்த வருஷங்கள் அவை. அதில் ஒரு தடவை, சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். சேலத்துக்கும் பஸ் இல்லை, திருக்கோவிலூருக்கும் பஸ் இல்லை. சின்னசேலம் போய் ரயில் பிடிக்கலாம் என்றால் அதுவரை போவதற்கு வழி இல்லை. வெளியே நடந்தது விளையாட்டல்ல. உயிர்ச்சேதம் என்று ரேடியோவில் சொன்னபோது அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்துபோய்க் கொல்லையில் வெகுநேரம் நின்றார். "கேக்கறதுல நாயம் இருக்குது. அதுக்குப் போயி புள்ளைங்க உசிரு போவணுமா?" என்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அவருக்கு உரக்கடை. கடை மூடியிருந்ததால் நாள் முழுக்கக் கூடத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

அண்ணனுக்கு நெய்வேலியில் வேலை. போன இடத்தில் மாட்டிக்கொண்டான். கல்யாணமாகித் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை, அதற்குள் அண்ணியைத் தனியாக எங்களிடம் விட்டுவிட்டு அவன் அங்கே, அவள் இங்கே. அண்ணி சேலத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசியதெல்லாம் "சரிங்க", "வேணாங்க", "ஆகட்டுங்க", அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து நாலாவது வார்த்தையைக் கேட்டவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. சமையலறை மூலையில் உட்கார்ந்து எதையாவது உரித்துக்கொண்டிருப்பாள்.

"பெரிய எடத்துப் பொண்ணு. தலகனம் ஜாஸ்தி" என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். நானும் அதற்குத் தலையாட்டினேன். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒருத்தி "சரிங்க" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

சாலை அடைத்த மறுநாள், அவள் அறைக்குள்ளிருந்து கடகடவென்று ஏதோ உருள்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தாயக்கட்டை மாதிரி எதையோ தனியாக உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி. சீர்வரிசைச் சாமான்களோடு வந்த பெட்டிதான் அது. அம்மா அதைப் புடவைப் பெட்டி என்று நினைத்துத் திறந்து பார்த்து, உள்ளே இரண்டு இங்கிலீஷ் புத்தகம் இருக்கக் கண்டு, "இதுக்கா இம்மாம் பெரிய பொட்டி?" என்று மூடி வைத்திருந்தாள்.

"இன்னா அண்ணி இது?" என்றேன்.

அன்றுதான் அவள் வாயிலிருந்து நாலாவது வார்த்தை வந்தது. நாலாவது என்ன, நானூறாவதே வந்தது. அவளுடைய அண்ணன் அமெரிக்காவில் படிக்கப் போனவர். முதல் விடுமுறைக்கு வந்தபோது இந்த விளையாட்டைக் கொண்டுவந்து தங்கைக்குக் கற்றுக்கொடுத்தாராம். ஆளுக்கு ஒரு வேஷம். ஒருத்தர் போர்வீரர், ஒருத்தர் திருடர், ஒருத்தர் மந்திரவாதி. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லுவார்: "குகைக்குள்ளே போகிறாய், எதிரே ஒரு பூதம், என்ன செய்கிறாய்?" மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்று கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டும்.

அவளிடம் ஓர் அட்டை இருந்தது. அதுதான் அவளுடைய வேஷம். ஒரு வீரப்பெண். பலம் எத்தனை, உயிர் எத்தனை, எந்தெந்தப் பூதத்தை அடித்தாள் என்று அவள் அண்ணன் கையெழுத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. அவள் பள்ளிக்கூடம் படித்தபோது எழுத ஆரம்பித்த அட்டை. அவளுடைய கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. பெட்டியை மட்டும் சீரோடு வைக்கச் சொல்லித் தன் அம்மாவுக்கு எழுதியிருந்தாராம்.

"இவ செத்துட்டா அட்டையக் கிழிச்சிடணுங்க. அதுதான் ரூல். எங்கண்ணன் இத்தன வருசமா இவளச் சாகவிடல" என்றாள். சொல்லும்போது அந்த அட்டையின் மூலையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. இவளைப் போய்த் தலைக்கனம் என்றோமே என்று இருந்தது.

"வாங்க அண்ணி, எல்லாரும் ஆடலாம்" என்று கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்தேன்.

ஆட்டத்துக்கு ஆள் தயாராக இருந்தது. ஒருவர் என் தாய்மாமா. வடக்கனந்தல்காரர். கல்வராயன் மலையில் புளியும் கடுக்காயும் வாங்கிவந்து கீழே விற்கிறவர். எங்கள் வீட்டில் இரண்டு மூட்டை புளி இறக்க வந்தவர் பஸ் இல்லை என்று தங்கிவிட்டார். வடக்கனந்தலுக்கு நடந்தே போயிருக்கலாம். அக்கா கையால் சாப்பிடுகிற சுகத்தை விட்டுவிட்டு நடப்பானேன் என்று அவர் நடக்கவில்லை. கறிகாய் வரத்து நின்றுபோய், அவர் கொண்டுவந்த புளியில் தினமும் புளிக்குழம்பு வைத்து அம்மா அவரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி என் எதிர்வீட்டுத் தோழி. அவள் அத்தாவுக்கு, அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கடைத்தெருவில் ஜவுளிக்கடை. கடையடைப்பு என்றதும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

புத்தகத்தைப் படித்து விதி சொல்லுகிறவர் ஒருவர் வேண்டும். "நீங்களே படிங்க. நான் ஆடுறேன்" என்று அண்ணி புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அஞ்சல்வழியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பிறகு எப்படிப் பின்வாங்குவது? விதி சொல்லுகிறவருக்கு மாமா ஒரு பேர் வைத்தார்: நாட்டாமை. பெட்டியில் இருந்த கட்டைகளில் இருபது முகம் கொண்டது ஒன்று, உருண்டையாக, பச்சை நிறத்தில் இருக்கும். அதற்கும் பேர் வைத்தார்: நெல்லிக்காய். இந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டன.

கதை நடக்கிற இடத்தையும் மாமாவே மாற்றினார். புத்தகத்தில் ஏதோ பனி மூடிய கோட்டை போட்டிருந்தது. "பனின்னா எவ்ளோ இருக்கும்? முட்டிவரைக்குமா? அதுல எப்படிம்மா ஓடறது? எனக்கு அது தெரியாது. மலைன்னா கல்வராயன் மலதான். அங்க வெச்சிக்கோ" என்றார். சரியென்று அருவியும் கடுக்காய் மரமும் இருக்கிற மலையில், ஓர் ஓடைக்கு மேலே இருக்கிற குகைக்குள் புதையல் என்று வைத்தேன். குகைக்குக் காவல், புத்தகத்தில் இருந்த கரடி.

சாதாரணமாக வாளால் வெட்டுவதற்கு விதி சுலபம். நெல்லிக்காயை உருட்டு, எண் கூடினால் வெட்டு விழுந்தது. தொல்லையெல்லாம் விசேஷத் தாக்குதலில்தான். புத்தகத்தில் அதற்கென்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. ஓடிவந்து முட்டுவது, காலை வாரிவிடுவது, கையில் இருக்கும் ஆயுதத்தைத் தட்டிப் பறிப்பது, கட்டிப்பிடித்து அமுக்குவது. நாலே நாலு. அந்த ஒரு பக்கத்தை நான் படித்துச் சொல்வதற்குள் என் பிராணன் போய்விட்டது.

முட்டுவதற்கு நேர்கோட்டில் ஓடிவர வேண்டும் என்று விதி. "மலையில ஏதும்மா நேர்கோடு? ஏத்தத்துல வளஞ்சி வளஞ்சிதான் ஓடணும். நேரா ஓடினா மூஞ்சிலதான் வுழுவோம்" என்று மாமா ஒரே பிடிவாதம். இறக்கத்தில் மட்டும் முட்டலாம் என்று முடிவாயிற்று. நாலுகால் பிராணிகளைக் காலை வாரிவிடுவது கடினம், அதற்கு எண் கூடுதலாக விழ வேண்டும் என்று அடுத்த விதி. மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

"எவன் எழுதனான் இத? சந்தையில ஆட்ட எப்படிப் புடிப்ப? பின்னங்கால் ஒண்ணத் தூக்கிட்டா கீழ வுழுந்துடும். ரெண்டு கால்காரனத்தான் தள்ளவே முடியாது, தாவிக் குதிச்சி நின்னுடுவான். ரூலுல தப்பு இருக்குது, மாத்து."

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது மாமா!"

"புத்தகம் எழுதனவன் ஆடு புடிச்சிருக்கானா?"

நான் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு திரும்பி வந்தேன். ஆட்டுக்கு மட்டும் விலக்கு என்று சமாதானமாயிற்று. தோழி சும்மா இருப்பாளா? அவளுடைய வேஷம் திருடி. கத்தியும் வேண்டாம், ஈட்டியும் வேண்டாம், கடையில் துணி அளக்கிற கெஜக்கோலால் எதிரியின் கையைத் தட்டி ஆயுதத்தைப் பறிப்பேன் என்றாள். கெஜக்கோல் ஆயுதமா இல்லையா என்பதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது போயிற்று. அவள் அத்தா வாசலில் வந்து கூப்பிட்டபோது அவரிடமே கேட்டோம். "எங்க அப்பாரு அதால என்ன அடிச்சிருக்காரும்மா. நல்லாவே வலிக்கும்" என்றார். ஆயுதம்தான் என்று தீர்ப்பளித்தேன்.

இத்தனை சண்டையிலும் அண்ணி வாய் திறக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தால் கட்டையை உருட்டி எண்ணை மட்டும் மெல்லச் சொல்வாள். அம்மா கூடத்தைக் கடந்து போனால் அதுவும் நின்றுவிடும்.

கடைசியில் கட்டிப்பிடிக்கிற விதிக்கு வந்தோம். கரடி இரண்டு கையாலும் அடித்து இரண்டும் பட்டால் ஆளைக் கட்டிப்பிடித்துவிடும் என்று புத்தகம் சொன்னது. பிடியிலிருந்து எப்படித் தப்புவது? "பெரிய புத்தகத்தில் காண்க" என்று போட்டு முடித்துவிட்டான். அந்தப் பெரிய புத்தகம் பெட்டியில் இல்லை. அடப்பாவி! ஆளைக் கரடி கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய் வேறு புத்தகம் வாங்கிவா என்கிறான். கள்ளக்குறிச்சியில் எந்தக் கடையில் வாங்குவது? அப்படியே கிடைத்தாலும் எந்தக் கடை திறந்திருந்தது?

ஆரம்பத்தில் சொன்ன சண்டை அப்போதுதான் நடந்தது. சண்டை போட்டது மூன்று பேர், நாலாவது ஆளான அண்ணி வழக்கம்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்த்து வைத்தவர் மாமா. அவர் அந்தக் காலத்தில் சடுகுடு ஆடியவர். ஊருக்கு ஊர் போய்க் கோப்பை வாங்கியதாக அவர் சொல்வார். ஒரு கோப்பையையும் நாங்கள் பார்த்ததில்லை.

"இதுக்குப் போயி இன்னாத்துக்குப் புத்தகம்? சடுகுடுவுல பாடிக்கினு போறவன நாலு பேரு சேந்து அமுக்கிட்டா அவன் இன்னா பண்ணுவான்? பாட்ட வுடமாட்டான். பாட்டு இருக்கறவரைக்கும் உசிரு இருக்குது. மூச்சு நின்னா அவுட்டு. கரடிப் புடிக்கும் அதே ரூலு போடு!"

அருமையாகத்தான் இருந்தது. நான் அதை விதியாக்கினேன். கரடி பிடித்தால், பிடிபட்டவர் மூச்சு விடாமல் சடுகுடு பாட வேண்டும். பாடுகிற நேரம் முழுக்க நாட்டாமை நெல்லிக்காயை உருட்டிக்கொண்டே இருப்பாள். பதினெட்டோ அதற்கு மேலோ விழுந்தால் பிடி விட்டுப்போகும். அதற்கு முன்னால் மூச்சு விட்டால் எலும்பு நொறுங்கி ஆள் காலி, அட்டையைக் கிழிக்க வேண்டியதுதான். சரியா என்று எல்லோரையும் கேட்டேன். மாமா தொடையைத் தட்டினார். தோழி சரி என்றாள். அண்ணி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு, "சரிங்க" என்றாள்.

குகைக்குப் போகிற வழியிலும் சில கரடிகளை விட்டிருந்தேன். முதலில் மாட்டியது தோழி. "சடுகுடு சடுகுடு" என்று ஆரம்பித்தவளுக்கு மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் மூச்சும் போயிற்று, திருடியும் போனாள்.

"இன்னொரு வாட்டி பாடறேன். சிரிச்சது கணக்கில்ல" என்றாள்.

"ரூல்னா ரூல்" என்றேன்.

"கொலகாரி!" என்று என்னைத் திட்டிக்கொண்டே அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு மந்திரவாதி எழுதிக்கொண்டாள். அடுத்து மாமா மாட்டினார். அவர் பாடிய பாட்டில், வெறிச்சோடிக் கிடந்த தெருவில் எங்கிருந்தோ நாலு பேர் வந்து சன்னலில் எட்டிப் பார்த்தார்கள். அவர் தப்பிவிட்டார். தப்பிய பிறகும் பாட்டை நிறுத்தவில்லை.

மரங்களை அப்புறப்படுத்துகிறார்கள், பஸ் ஓடப்போகிறது என்று பேச்சு அடிபட்ட அன்று பிற்பகல், குகை வாசலுக்கு வந்துவிட்டோம். காவல் கரடி எழுந்து நின்றது. நான் கரடிக்காக நெல்லிக்காயை உருட்டினேன். வலது கை பட்டது. இடது கைக்கு உருட்டினேன். அதுவும் பட்டது. யார்மேல் என்று பார்த்தால், முன்னால் நின்ற அண்ணிமேல்.

அண்ணி மடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எத்தனை வருஷத்து அட்டை! கடல் தாண்டிப் போயிருக்கிற ஒருவரின் கையெழுத்து. இப்போது அது கிழிபடாமல் இருக்க வேண்டுமானால், மாமனார் நாற்காலியில் படுத்திருக்க, மாமியார் பக்கத்து அறையில் இருக்க, இந்தப் பெண் நடுக்கூடத்தில் தொண்டையைத் திறந்து சடுகுடு பாட வேண்டும். அவள் பேசுவதே எங்களுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழும்.

அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "இன்னாடி இது? ஒம் மாமன்தான் தெருவக் கூட்டினான். மருமவளும் கத்தணுமா? போறவன் வர்றவன் இன்னா நெனப்பான்?"

மாமா என் காதருகே குனிந்தார். "கண்ணு, ரூல கொஞ்சம் மாத்திக்கோயேன். பாவம், வூட்டுக்கு வந்த பொண்ணு."

எனக்கும் ஆசைதான். ஆனால் தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய திருடிக்கு இரக்கம் காட்டாத நாட்டாமை, தன் அண்ணிக்கு மட்டும் விதியை வளைத்தால் என்ன நியாயம்? சாலையில் ஊரே நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்த நேரம் வேறு. அண்ணியிடம் வேண்டுமானால் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள், ஆட்டத்தை இதோடு கலைத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மூச்சை உள்ளே இழுத்தாள். "உருட்டுங்க" என்று கையால் சாடை காட்டினாள்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

முதலில் கொசு பாடுவது போல இருந்தது. நான் உருட்டினேன். மூன்று. உருட்டினேன். பதினொன்று. குரல் கொஞ்சம் ஏறியது. ஏழு. இன்னும் ஏறியது. பாழாய்ப்போன நெல்லிக்காய் பதினெட்டு என்ற ஓர் எண் இருப்பதையே மறந்துவிட்டது. அவசரத்தில் நான் வேகமாக உருட்ட, அது தெறித்து ஓடி, அப்பாவின் நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது.

அண்ணி பாடிக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் எண் தெரியவில்லை. அப்பா ஆட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர். அவர் மெதுவாகக் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எடுத்து மாட்டினார். அப்புறம் நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"பதினாறு" என்றார்.

அப்பா! பதினெட்டு என்று ஒரு பொய் சொன்னால் என்ன? உரத்தில் ஒரு பிடி கம்மி போடத் தெரியாத மனுஷர், கரடி விஷயத்தில் மட்டும் பொய் சொல்வாரா? கட்டையை எடுத்து என்னிடம் வீசினார். நான் மறுபடி உருட்டினேன். எட்டு. அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யார் கண்டது? சன்னலில் மறுபடி தலைகள் முளைத்தன.

அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். நான் தொலைந்தேன், ஆட்டமும் தொலைந்தது என்று நினைத்தேன்.

"இன்னாடி பாத்துக்கினு கீற? உருட்டுடி சீக்கிரம்! எம் புள்ளைக்கு மூச்சு போவுது!"

எம் புள்ளை. நான் கூட அம்மா வாயால் அப்படி ஒரு வார்த்தையை அடிக்கடி கேட்டதில்லை. உருட்டினேன். நெல்லிக்காய் சுற்றிச் சுற்றி வந்து, அம்மாவின் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது. பத்தொன்பது.

மாமா போட்ட கூச்சலில் பல்லி சுவரிலிருந்து விழுந்தது. அண்ணி பொத்தென்று உட்கார்ந்து மூச்சை விட்டாள். சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகை நீவி, தண்ணீர் கொடுத்து, "பாடறதுன்னா இப்படியா பாடறது? கரடி செத்துதா இல்லியா?" என்று கேட்டாள். இன்னும் சாகவில்லை, பிடியைத்தான் விட்டிருக்கிறது என்றேன். "அப்பறம் இன்னா, அடிங்க அத!" என்று சொல்லிவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குப் புளிக்குழம்பு அடிப்பிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

சாலை திறந்தது. அண்ணன் வந்து சேர்ந்தான். வந்த இடத்தில் அவன் மனைவி அம்மாவோடு உட்கார்ந்து, "இன்னாத்தே, நீங்க கால வாரிவுட்டா அது வுழாதா?" என்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றான்.

அண்ணியின் அண்ணன் பிறகு ஒரு விடுமுறையில் வந்தார். நல்ல மனிதர். வந்த மறுநாளே கூடத்தில் எங்களோடு ஆட உட்கார்ந்தார். மாமாவும் தோழியும் வந்திருந்தார்கள். வழக்கம்போல் நான்தான் நாட்டாமை. ஒரு திருப்பத்தில் கரடி அவரைக் கட்டிப்பிடித்தது.

"ம், பாடுங்க" என்றேன்.

"என்ன பாடணும்?"

விதியைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியெல்லாம் கிடையாதும்மா. நெல்லிக்காய ஒரே ஒரு தடவ உருட்டி, அதோட ஆளோட பலத்தக் கூட்டணும். அவ்வளவுதான். இவளோட வீரப்பெண்ணுக்கு இருக்கற பலத்துக்குப் பத்து விழுந்தாலே போதும், தப்பிச்சிடலாம். பெரிய புத்தகத்துல இருக்கு. இவளுக்கு அந்தப் பக்கமே மனப்பாடம். இவ சொல்லலையா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அண்ணி பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சிக்கினேவா அன்னிக்குப் பாடினீங்க? மூச்சு போயிருந்தா அட்ட கிழிஞ்சிருக்குமே! ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

அண்ணி அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறை மூலையில் இல்லை, எங்களோடு கூடத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில்.

"சொல்லியிருந்தா அட்ட நிச்சயமாப் பொழச்சிருக்கும். நான் அந்த மூலையிலயேதான் உக்காந்திருப்பேன்" என்றாள். பிறகு தன் அண்ணனைப் பார்த்து, "அது உன் வூட்டு ரூலு. இங்க இதான் ரூலு. மூச்ச இழு, பாடு" என்றாள்.

அவர் பாடினார். பாவம், கொஞ்ச நேரம்தான் தாங்கினார். நெல்லிக்காய் பன்னிரண்டைக் காட்டியபோது அவர் மூச்சு விட்டுப்போயிற்று. இன்னொரு தடவை பாடுகிறேன் என்று என்னைக் கெஞ்சினார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் அண்ணி வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவருடைய அட்டைக்காகக் கையை நீட்டினாள்.